தெய்வங்கள் ஊரில் இல்லாத வாரம்

“சமைக்க ஒரு பானைகூட இல்லை.”

கோர்ட் விசாரணை அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்ததாம். வக்கீல் அதைப் போனில் படித்துக் காட்டியபோது மிரான், கமலா ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில் ஓடும் பட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பழம் பொறுக்குவது அவள் பழக்கம். வாய் ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும், நசுங்கின பழம் ஒன்றுகூடத் தப்பாது. அன்றைக்குத் தப்பியது. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக.

“அடியே மிரான், அழுகினதெல்லாம் பெட்டிக்குப் போகுது பாரு! போன்ல அப்படி எவன்டி?” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சுக்ஜா கத்தினாள்.

மிரான் காதில் அது விழவில்லை. “இன்னொரு தடவ படிங்க சார்” என்றாள்.

வக்கீல் மறுபடி படித்தார். மனுதாரர் மகளுக்கென்று காட்டிய வீடு காலியாகக் கிடக்கிறது. படுக்கை இல்லை, அடுப்பு இல்லை, தரை சூடேற்றப்படாமல் சில்லென்று இருக்கிறது. மனுதாரர் இன்னும் கொட்டகைக்குப் பின்னாலுள்ள ஒற்றை அறையில்தான் வசிக்கிறார். பிள்ளையை வைத்துக்கொள்ள அவர் எந்த ஆயத்தமும் செய்ததாகத் தெரியவில்லை.

“ஆயத்தம் செய்யலையா? நானா?”

“அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

பட்டையை நிறுத்தச் சொல்லி யாரோ கை காட்டினார்கள். கொட்டகை சட்டென்று அமைதியானது. கையில் இருந்த பழத்தை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல் மிரான் அப்படியே நின்றாள்.

*

ஜெஜு தீவின் தென்கரையில், நம்வோனில் முள்ளங்கிக் காட்டுக் கூலிக்காரருக்குப் பிறந்தவள் அவள். பள்ளி முடிந்த மறுவாரமே இந்தக் கொட்டகைக்கு வந்துவிட்டாள். பெட்டி ஏற்ற வந்த லாரி டிரைவர் கியோங்தேயைக் கட்டிக்கொண்டதும் இந்தக் கொட்டகை வாசலில் வளர்ந்த சங்கதிதான். “உங்க லாரி ஏன் எங்க வாசல்லயே பஞ்சர் ஆகுது?” என்று அவள் கேட்டதில் ஆரம்பித்தது.

ஹல்லா மலைக்கு அந்தப் பக்கம் ஜெஜு நகரத்தில் குடித்தனம் வைத்தார்கள். அப்போது ஒரு தப்பு செய்தார்கள். மே மாதத்தில் குடி போனார்கள்.

இந்தத் தீவில் அதை யாரும் செய்வதில்லை. வீட்டையும் அடுப்பையும் வாசலையும் காவல் காக்கும் தெய்வங்கள் வருஷம் ஒரு தடவை, ஜனவரிக் கடைசியில் கடுங்குளிர் முடிகிற சமயத்தில், கணக்கு ஒப்படைக்க மேலே போகும். புதுப் பொறுப்பில் மறுபடி இறங்கி வர ஒரு வாரம் ஆகும். கீழே கண்காணிக்க ஆளில்லாத அந்த வாரத்துக்குச் சின்குகான் என்று பெயர். வீடு மாறுவது, கக்கூஸ் இடிப்பது, வீட்டோரத்து மரம் வெட்டுவது எல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான். வாடகை ஒப்பந்தங்களும் சின்குகானில் தொடங்கிச் சின்குகானில் முடியும். மற்ற நாளில் கை வைத்தால் தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர்களுக்கு வாய்த்த வீடு மே மாதத்தில் காலியாக இருந்தது. “நாம படிச்ச பிள்ளைங்கதானே, இதெல்லாம் நம்பலாமா?” என்று கியோங்தே சிரித்தான். மிரானும் சிரித்தாள். அதே வருஷம் அவன் லாரி கவிழ்ந்தது. அப்புறம் குடி வந்தது, சண்டை வந்தது, மகள் தாயோனுக்கு ஏழு வயதானபோது விவாகரத்தும் வந்தது. மே மாதக் குடித்தனம் அப்படித்தான் போகும் என்று ஊரே சொன்னது. மிரான் வாயைத் திறந்து அதை ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆணி அடிப்பதாக இருந்தால்கூட நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தாள்.

விவாகரத்தின்போது நீதிபதி கேட்டது ஒரே கேள்வி. “பிள்ளை எங்கே படுக்கும்?”

மிரானிடம் அப்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்த அறை மட்டும்தான். வாசல் பக்கம் சாக்கு மூட்டை, ஜன்னல் பக்கம் பெட்டி அட்டை.  பிள்ளை அப்பாவிடம். முதல் சனி, மூன்றாம் சனி அம்மாவிடம். உத்தரவு ஆயிற்று.

மலையடிவாரத்து வண்டி நிறுத்தத்தில் நான்கு வருஷமாகப் பிள்ளை கை மாறிக்கொண்டிருந்தது. கியோங்தே குடியை விட்டுவிட்டான், அதை மறைக்கக் கூடாது. தாயோனுக்குச் சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டான். கோணலாகத்தான் பின்னுவான்.

போன இலையுதிர் காலத்தில், சூசோக் அறுவடைப் பண்டிகை கழிந்த சனிக்கிழமை, முள்ளங்கி வைத்துச் சுருட்டிய கோதுமைத் தோசையைக் கடித்துக்கொண்டே தாயோன் சொன்னாள். “அம்மா, சின்குகான் வந்ததும் நாங்க உல்சான் போறோம். அப்பாவுக்குக் கப்பல் கட்டற இடத்துல வேலை. இனிமே சனிக்கிழமை எல்லாம் கஷ்டம்னு அப்பா சொன்னாங்க.”

“யாரு போறா?”

“நாங்க. நானும் அப்பாவும்.”

நடுவில் கடல். மிரான் கையிலிருந்த தோசை தட்டில் விழுந்ததை அவள் பார்க்கவில்லை. தாயோன்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையிலேயே மிரான் இலவசச் சட்ட உதவி அலுவலக வாசலில் நின்றாள். அங்கே கிடைத்த இளம் வக்கீல் அவளை உட்கார வைத்துச் சொன்னார். “தீர்ப்பு ஒண்ணும் கல்லுல வெட்டினது இல்லீங்க. நிலைமை மாறினா தீர்ப்பையும் மாத்தலாம். ஆனா என்ன மாறியிருக்குன்னு நீங்க காட்டணும். அவர் தீவை விட்டுப் போறாரு, அது ஒண்ணு. உங்க பக்கம் என்ன மாறியிருக்கு?”

“வீடு எடுத்துடறேன்” என்றாள் மிரான்.

எடுத்தாள். ஓ சம்சுனின் வீட்டை ஒட்டினாற்போல அதே சம்சுனுக்குச் சொந்தமான இரண்டு அறை வீடு. ஊரில் ஆணானாலும் பெண்ணானாலும் மூத்தவர் எல்லாரையும் சம்சுன் என்றுதான் கூப்பிடுவார்கள்; ஓ என்பது குடும்பப் பெயர். இந்தச் சம்சுன் சிப்பி எடுக்கக் கடலில் முங்கி முங்கித் தொண்டை கரகரத்துப் போன பெண்பிள்ளை. சாவியும் கொடுத்துவிட்டாள். தாயோன் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்து, கடல் தெரிகிற அறைதான் தனக்கு என்று தரையில் படுத்து உருண்டு காட்டிவிட்டுப் போனாள். இனிச் சின்குகான் வர வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள்தான் கோர்ட்டிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார், ஜனவரி பிறந்த கையோடு. சியோலிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த அம்மாள். மிரான் எவ்வளவு பெருமையாக அந்த வீட்டைத் திறந்து காட்டினாள்!

“இது பிள்ளையோட ரூம்மா. இங்கேருந்து பாத்தா கடல் தெரியும்.”

“சாமான் எதுவும் இல்லையே?”

“இன்னும் குடி வரலீங்க.”

“எப்ப வருவீங்க?”

“தெய்வங்க மேல போனதும்.”

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று மிரான் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியனுப்பும்போது ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சு வேறு நீட்டினாள். அவர் வாங்க மறுத்துவிட்டார். உத்தியோகத்தில் இருப்பவர்கள் வாங்க மாட்டார்கள்தானே என்று அதையும் நல்ல விதமாகவே எடுத்துக்கொண்டாள்.

*

போனை வைத்த கையோடு மிரான் கொட்டகை லாரியைக் கேட்டு வாங்கினாள்.

“இன்னிக்கேவா?” சுக்ஜாவுக்குக் கண் வெளியே வந்துவிட்டது. “உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? சின்குகானுக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கு!”

“பிள்ளை போயிடும் அக்கா. பானை இல்லன்னு எழுதியிருக்காங்க. பானையைக் கொண்டு போய் வெச்சு போட்டோ எடுத்து அனுப்பறேன்.”

பிரிட்ஜையும் படுக்கையையும் சுக்ஜாவும் கூடப் பிடித்துத்தான் ஏற்றினாள், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே. லாரி சந்துக்குள் திரும்பியதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஈரக் கையோடு எழுந்து நின்றார்கள். சாவு வீட்டு வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். 

ஓ சம்சுன் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“என்ன காரியம் பண்றே நீ?”

“வழி விடுங்க சம்சுன். கோர்ட்டுல கேக்கறாங்க.”

“கோர்ட்டு கேக்கும், அது பாட்டுக்குப் போயிடும். இந்த வீட்டுல வந்து இருக்கப் போறது யாரு? நீயும் உன் பொண்ணும்தானே? ஒரு தடவ பட்டது பத்தலையா உனக்கு?”

மிரான் அவளைச் சுற்றிக்கொண்டு போனாள். ரைஸ் குக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வாசற்படி வந்தது. ஒரு காலைத் தூக்கினாள்.

கால் இறங்கவில்லை.

கவிழ்ந்த லாரி கண் முன்னால் வந்தது. உடைந்த தட்டுகள் வந்தன, மேஜைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பிள்ளை வந்தது. தன் காலைப் பார்த்து அவளே திகைத்துப் போனாள். சட்டத்துக்குப் பயப்படாவிட்டால் பிள்ளை கடல் தாண்டிப் போகும். தெய்வத்துக்குப் பயப்படாவிட்டால் வந்த பிள்ளைக்கு என்ன ஆகுமோ? குக்கரோடு அப்படியே படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓ சம்சுன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டவில்லை. “வா, சூப்பு இருக்கு. குடிச்சிட்டு லாரியைத் திருப்பு” என்றாள்.

*

சின்குகான் தொடங்குவதற்கு முந்தின நாள் வழக்கு விசாரணைக்கு வந்தது.

நீதிபதியும் கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்தான், வயதான பெண்மணி. அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக மிரானைப் பார்த்தார். “வீடு எடுத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. சாவியும் உங்ககிட்டதான் இருக்கு. ஏன் இன்னும் குடி போகல?”

“சின்குகான் வரலீங்கம்மா.”

“அதைத்தான் அறிக்கையிலயும் எழுதியிருக்காங்க. பிள்ளை வேணும்னு இவ்வளவு அவசரமா மனு போட்டவங்க, ஒரு பழக்கத்துக்காகக் காத்திருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க.”

வக்கீல் எழுந்து ஏதோ விளக்கப் பார்த்தார். அது சாக்குச் சொல்வதுபோல்தான் ஒலித்தது.  முடிந்தது என்று மிரான் நினைத்தாள்.

நீதிபதி எதிர்ப்பக்கம் திரும்பினார். கியோங்தே கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வக்கீல் இல்லை. “நீங்க ஏதாவது சொல்லணுமா?”

ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும். வழக்கு அவன் மடியில் விழுந்துவிடும். மிரானுக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியாமல் இருக்காது.

கியோங்தே எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

“அவ சொல்றது நெசந்தாங்க.”

“எது?”

“சின்குகானுக்கு முன்னால யாரும் குடி போகமாட்டாங்க. நானே மூட்டை முடிச்செல்லாம் கட்டி வெச்சுட்டு, அதுக்கு நடுவுலதான் பத்து நாளா படுத்துத் தூங்கறேன். தெய்வம் மேல போகட்டும்னுதான். இல்லன்னா எப்பவோ உல்சான் போயிருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “ஒரு தடவ மே மாசத்துல குடி போனோங்க, நாங்க ரெண்டு பேரும். அதான் இப்ப உங்க முன்னால நிக்கறோம்.”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர், தீவுக்காரர்தான், சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். நீதிபதி அவர் பக்கம் திரும்பி, “இது உண்மையா?” என்று கேட்டார். எழுத்தர் இருமலுக்கு நடுவிலேயே தலையை ஆட்டினார். “நானும் நாளைக்குத்தாங்க வீடு மாறறேன். லீவு எழுதிக் குடுத்திருக்கேன்.”

நீதிபதி பேனாவை வைத்துவிட்டார்.  மிரான் கியோங்தேயைப் பார்த்தாள், பதினான்கு வருஷமாகத் தெரிந்த முகத்தில் இன்றைக்குத்தான் யாரையோ புதிதாகப் பார்ப்பவள்போல.

“சரி” என்றார் நீதிபதி. “உல்சான்ல பிள்ளை எங்கே படுக்கும்?”

கியோங்தே நின்றபடியே கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான். “கம்பெனி விடுதிங்க. ஆம்பளைங்கதான் இருக்காங்க… முதல்ல கொஞ்ச நாள் சமாளிச்சுட்டு…”  தன்னிடம் கேட்ட அதே கேள்வி நான்கு வருஷம் கழித்து அவன் தலையில் இறங்குவதை மிரான் பார்த்தாள். சந்தோஷப்படத்தான் நினைத்தாள். முடியவில்லை.

முடிவை அடுத்த மாதம் சொல்வதாக நீதிபதி எழுந்துவிட்டார். அடுத்த மாதம்! அதற்குள் பிள்ளை அக்கரையில் இருக்கும், புதுப் பள்ளியில் பெயர் எழுதியிருப்பார்கள். சேர்ந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கோர்ட்டும் விட்டுவிடும், வக்கீல் முன்பே எச்சரித்திருந்தார்.

கோர்ட் படிக்கட்டில் அவள் அவனை மறித்தாள். “எதுக்கு அப்படிச் சொன்னே?”

“கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?”

“வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பே.”

“உனக்கு என்னிக்குமே நான் வாயைத் தொறந்தாலும் குத்தம், மூடினாலும் குத்தம்.”

“தாயோன் அப்பா… தீர்ப்பு வர்ற வரைக்குமாவது அவளைக் கூட்டிட்டுப் போகாதே.”

அவன் முகம் இறுகியது. “பழைய தீர்ப்பு இன்னும் இருக்கு. பிள்ளை எங்கிட்டன்னு அதுல எழுதியிருக்கு. சின்குகான் கடைசி நாள் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாச்சு.” கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

*

சின்குகான் பிறந்தது. தீவே தெருவில் நின்றது. சந்துக்குச் சந்து லாரி, லாரிக்கு லாரி வாஷிங் மெஷின். மிரானின் சாமான்கள் ஒரே காலையில் ஏறி இறங்கிவிட்டன. ரைஸ் குக்கரைச் சுமந்துகொண்டு ஓ சம்சுன் முதலில் உள்ளே போனாள். இந்த முறை மிரானின் கால் தானாக இறங்கியது.

கடல் தெரிகிற அறை மட்டும் வெறுமையாக இருந்தது.

“கடையில ஒரு மெத்தை வாங்கிப் போட்டு வைக்கலாமே” என்றாள் சுக்ஜா.

“கடைச் சரக்கு கணக்குல வராது” என்று ஓ சம்சுன் ஒரே வெட்டாக வெட்டினாள். “அந்தப் புள்ள தலை வெச்ச தலையணை வரணும், அந்தப் புள்ள தின்ன கிண்ணம் வரணும். வாரம் முடியறதுக்குள்ள வந்துட்டா, தெய்வம் எறங்கி வந்து பாக்கும்போது இவளும் இந்த வீட்டு ஆளுதான்னு எழுதிக்கும். அப்புறம் எவனாலயும் அசைக்க முடியாது.”

“அப்ப போன் பண்ணிக் கேளேன்டி!” என்று சுக்ஜா மிரான் பக்கம் திரும்பினாள்.

மிரான் கேட்கவில்லை. கேட்டு அவன் இல்லையென்று சொல்லிவிட்டால்? தினமும் அந்த அறையைத் துடைத்தாள், ஒரு தூசியும் இல்லாத தரையை.

கடைசி நாள் பகல் சாய்ந்தது. கப்பல் கிளம்பும் நேரம் அவளுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போய்க் கையசைக்க வேண்டும் என்று நினைத்தாள். போனால் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பி நடக்க முடியாது என்றும் நினைத்தாள். ஒரு கையை மட்டும் குளிர்க்கோட்டின் கையில் நுழைத்தபடி வாசலில் நின்றிருந்தாள். அப்போதுதான் சந்து முனையில் அந்த லாரி திரும்பியது.

எந்த லாரி என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் கொட்டகை வாசலில் பஞ்சர் ஆகிக்கொண்டே இருந்த, ஒரு தடவை கவிழ்ந்து ஒட்டுப்போட்ட அதே லாரி.

மேலே கட்டில், அலமாரி, கயிறு போட்டு இறுக்கிய மூட்டைகள். கியோங்தே இறங்கினான். அவளைப் பார்க்காமல் பின்பக்கம் போய் முடிச்சை அவிழ்த்தான். ஒரு போர்வை, அதன் மேல் முயல் படம் போட்ட தலையணை, தலையணை மேல் ஒரு சோற்றுக் கிண்ணம். மூன்றையும் ஏந்திக்கொண்டு வந்தான். மறுபக்கக் கதவு திறந்தது. பள்ளிப் பையோடு தாயோன் குதித்தாள். சடை கோணலாக இருந்தது.

மிரானால் நகர முடியவில்லை.  தொங்கிக்கொண்டிருந்த மற்றொரு கோட்டுக் கை காற்றில் ஆடியது.

“நேரமாச்சு” என்றான் கியோங்தே. “இன்னிக்கு விட்டா தெய்வம் வந்துடும்.”

“தீர்ப்பு…” என்று மட்டும் வந்தது அவளுக்கு.

“அது வர்றப்ப வரட்டும். அவ உங்கிட்ட இருக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லன்னு காலையிலேயே கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டேன்.” கிண்ணம் நழுவாமல் மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். “அந்த ஜட்ஜம்மா கேட்ட கேள்விக்கு இத்தனை நாளா படுத்துப் படுத்து யோசிச்சேன். பதில் வரல. உன் வீட்டுலதான் இருக்கு. இனிமே சனிக்கிழமை எனக்கு, முதலும் மூணாவதும். கடல் கொந்தளிச்சா அதுக்கடுத்தது. மறக்காதே.”

சொல்லிக்கொண்டே வாசற்படி வரை வந்து காலைத் தூக்கினான்.

“டேய்! அங்கேயே நில்லு!” பக்கத்து வாசலிலிருந்து ஓ சம்சுனின் கரகரத்த தொண்டை இடிபோல் விழுந்தது. “சாமானோட உள்ள காலை வெச்சே, தெய்வம் உன்னையும் இந்த வீட்டு ஆளுன்னு எழுதிடும்! அப்புறம் இவ மறுபடி கோர்ட்டுக்கு அலையணும்!”

கியோங்தே தூக்கின காலோடு அப்படியே உறைந்தான். மிரானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் மெல்லக் காலைப் பின்னால் எடுத்து வைத்தான். இரண்டு கையையும் நீட்டிப் போர்வையையும் தலையணையையும் கிண்ணத்தையும் படிக்கு மேலாகக் கொடுத்தான். அவள் உள்ளே நின்று வாங்கிக்கொண்டாள். போர்வையில் அவன் வீட்டுச் சோப்பு வாசனை அடித்தது.

தாயோன் இருவருக்கும் நடுவே நுழைந்து, தலையணையை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

லாரி கிளம்பிச் சந்து முனை திரும்பும்வரை மிரான் அங்கேயேதான் நின்றாள், கோட்டில் ஒரு கையும் வெளியில் ஒரு கையுமாக. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அம்மா, தலையை எந்தப் பக்கம் வெச்சுப் படுக்கறது? ஜன்னல் பக்கமா, கதவு பக்கமா?”

 போர்வையையும் கிண்ணத்தையும் மார்போடு பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று பார்க்க மிரான் உள்ளே போனாள்.